நடைமுறைக்கு வரும் தேதி

அரசு அச்சகத்தின் இரண்டாம் மாடியில் பதினான்கு வருடமாகப் பிழை திருத்திக்கொண்டிருந்தவளை எல்லோரும் ‘காற்புள்ளி’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருமுறை ஒரு காற்புள்ளி விட்டுப்போயிற்று என்று, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தையே நிறுத்தவைத்தவள். முகத்துக்கு நேரே ‘மேடம்’, முதுகுக்குப் பின்னால் ‘காற்புள்ளி’. அவளுக்கும் அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எதிரே உட்கார்ந்து மூலப்படியை உரக்கப் படிப்பவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். தூக்குத் தண்டனையானாலும் துடைப்பம் வாங்கும் டெண்டரானாலும் ஒரே குரலில் படித்துக்கொண்டே போவார். அவர் படிக்கப் படிக்க, இவள் புரூஃபில் பென்சிலை ஓட்டுவாள்.

அந்த மாதம் பத்தொன்பதாம் தேதி வந்து சேர்ந்தது அந்தரங்க மீறல் தண்டனைத் திருத்தச் சட்டம். ஏழெட்டு மாதத்துக்கு முன், ஒரு துணிக்கடைக்காரன் உடை மாற்றும் அறையில் கேமரா வைத்துப் பிடிபட்டான். அபராதம் கட்டிவிட்டு, இரண்டே வாரத்தில் புதுப் பெயின்ட் அடித்துக் கடையைத் திறந்தான். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். பேருந்து நின்றது, சட்டசபை நின்றது, கடைசியில் சட்டம் வந்தது.

ரேடியோ படித்தார். “பிரிவு மூன்று. குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ ஒருவரை அவர் அறியாமல் படம் பிடிப்பவருக்கு, ஓராண்டு என்பதற்குப் பதிலாக, ஏழாண்டு எனக் கொள்க. பிரிவு ஐந்து. அவ்வாறு நடப்பதை அறிந்தும் அதைத் தொடர அனுமதிப்பவருக்கு ஈராண்டு வரை. பிரிவு ஏழு. இச்சட்டம் வரும் முதல் தேதியன்று நடைமுறைக்கு வரும். அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனையே பொருந்தும்.”

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “பாத்தீங்களா மேடம்? முப்பதாம் தேதி வரைக்கும் தள்ளுபடி விலை. ஆசைப்பட்டவன் எல்லாம் சீக்கிரம் பாத்துக்கணும்.”

அவள் சிரித்தாள். பிரிவு ஐந்தில் ‘அறிந்தும்’ என்பது ‘அறிந்தம்’ என்று இருந்தது. திருத்தினாள். லாட்ஜ் முதலாளிகளுக்கு வைத்த ஆப்பு என்று நினைத்துக்கொண்டு அடுத்த தாளுக்குப் போனாள்.

அவள் புருஷன் வாட்டர் ஹீட்டர் மெக்கானிக். நான்கு தெருவுக்கு அவன்தான். யார் வீட்டுக் குளியலறைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போகிற உரிமை அவனுக்கு இருந்தது. ‘வெந்நீர்’ என்று பட்டப்பெயர். “வெந்நீர் வந்தாச்சு, இனி கவலை இல்ல” என்று பெரியவர்கள் கேலி பேசுவார்கள். நல்ல கைராசி, நல்ல பேச்சு. கிழவிகள் வீட்டில் கூலி வாங்கமாட்டான். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவளை ஒரு தடவைகூடக் கைநீட்டி அடித்ததில்லை. பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டியதும் இல்லை.

வீட்டில் மூன்றாவதாக இருந்தது அவள் தங்கை. அக்காவுக்கும் தங்கைக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அப்பா போனபோது தங்கை கைக்குழந்தை. அம்மா வேலைக்குப் போய்விட, பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்காதான் இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டினாள். அப்போது வைத்த பெயர் ‘சிட்டு’. அந்தச் சிட்டுக்கு இப்போது இருபத்து மூன்று வயது. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை. வலிக்காமல் ஊசி குத்துவாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். வேலை கிடைத்ததும் அக்கா வீட்டுக்கே வந்து ஒரு வருடம் ஆகிறது. “மாமா, மாமா” என்று அவனோடு ஒட்டிக்கொண்டாள். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவன்தான்.

இருபத்தாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காற்புள்ளிக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. மற்ற இருவரும் போனபிறகு குளியலறையைத் தேய்த்துக் கழுவினாள். ஹீட்டரின் வெள்ளை மூடியில் உப்புக் கறை படிந்திருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறித் துடைத்தாள். துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில், மிளகு அளவில், ஒரு ஓட்டை. கீழே இருக்கிற நான்கு திருகாணிகளில் மூன்று துருப்பிடித்தவை. ஒன்று மட்டும் புதுசு.

வேறு யாராவது என்றால் துடைத்துவிட்டு இறங்கியிருப்பார்கள். ஒரு பக்கத்தில் ஒரு எழுத்து மட்டும் வேறு அச்சில் இருந்தால்கூட அவளுக்குக் கண் உறுத்தும். சில்லறைக் காசைக் கொடுத்துத் திருகினாள். மூடி திறந்தது. உள்ளே தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு கேமரா. அதில் ஒரு மெமரி கார்டு.

பழைய போனில் கார்டைப் போட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். ஆள் அசைந்தால் தானாக ஓடுகிற கேமரா. ஒவ்வொரு பதிவுக்கும் தேதியும் மணியும் இருந்தன. முதல் பதிவைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறந்தாள். மொத்தம் நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் பார்த்தாள். ஒன்றிரண்டைப் பார்த்தாலே போதும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. புரூஃப் பார்ப்பதுபோல, முதலிலிருந்து கடைசிவரை, ஒன்றையும் விடாமல் பார்த்தாள்.

இருபத்து மூன்றாம் தேதிக்குப் பிறகு வீட்டில் உள்ள மூன்று பேரும் இருந்தார்கள். அதற்கு முந்தையவற்றில் தங்கை மட்டும்தான். மூன்று மாதம், தங்கை மட்டும். அவன் வாரம் ஒருமுறை கார்டை எடுத்து, வேண்டாதவற்றை அழித்துவிட்டு, வேண்டியவற்றை வைத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அவள் குளித்த பதிவுகள் எல்லாம் வேண்டாதவை. தாளில் மிகையாக விழுந்த சொல்லின் மேல் அவள் கோடு கிழிப்பதுபோல, அவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவளை அழித்திருக்கிறான்.

அந்தத் தரையில் அவளுக்கு வந்த அழுகையில் எவ்வளவு தங்கைக்காக, எவ்வளவு தனக்காக என்று அவளால் பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியவில்லை என்பதே அவமானமாக இருந்தது.

முகம் கழுவிவிட்டு, வழக்கறிஞர் ஒருத்திக்குப் போன் செய்தாள். ஒரு பிழை சம்பந்தமாக எப்போதோ அச்சகத்துக்கு வந்துபோனவள்.

“பக்கத்து வீட்ல ஒரு பொண்ணு மேடம். அவ தங்கச்சியை அவ புருஷனே…” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

“இன்னிக்கே போலீஸ்ல சொல்லச் சொல்லுங்க” என்றாள் வழக்கறிஞர்.

“சொன்னா எத்தனை வருஷம் கிடைக்கும்?”

“இப்போதைக்குப் பழைய சட்டம்தான். சாயங்காலமே ஜாமீன்ல வந்துடுவான். ஒரு வருஷம்னு எழுதியிருக்கும், ஆனா பாதிப் பேருக்கு அபராதத்தோட சரி.”

“ஒண்ணாம் தேதிக்கு அப்புறமும் எடுத்திருந்தா?”

“எடுத்திருந்தா ஏழு. ஆனா அதுக்காகக் காத்திருக்கச் சொல்றதா இருந்தா, சொல்லாதீங்க. முதல்ல கேமராவை நிறுத்தணும். தண்டனை எல்லாம் அப்புறம்.”

“அந்தப் பொண்ணே குளிச்சு, அது பதிவாச்சுன்னா? தங்கச்சி இல்லாம, பொண்டாட்டி மட்டும்?”

“புருஷன் பொண்டாட்டின்னா கோர்ட்டுல இழுத்தடிப்பாங்க மேடம். ஏழு வருஷக் கேஸா அது நிக்காது.”

போனை வைத்தாள். சாயங்காலமே ஜாமீன். சாயங்காலமே இந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “என்ன சமையல்?” என்று கேட்டுக்கொண்டு வருவான். கிழவிகள் அவன் பக்கம் பேசுவார்கள். அம்மா, “வெளிய தெரிஞ்சா சின்னவளை யாருடி கட்டுவான்?” என்பாள். புகார் ஒரு மாதத்தில் நமத்துப்போகும்.

கார்டை இருந்த இடத்தில் வைத்தாள். மூடியை மாட்டி, நான்கு திருகாணிகளையும் திருகினாள். துணியால் விரல் தடத்தைத் துடைத்தாள். பிறகு பேருந்து பிடித்து வேலைக்குப் போனாள்.

இன்னும் ஐந்து நாள் இருந்தது.

புதன்கிழமை காலையில் மனசு கேட்கவில்லை. தங்கை எழுந்திருக்கும் முன்பே ஒரு துணியைச் சுருட்டிக் குளியலறைச் சாக்கடைக் குழியில் திணித்துவிட்டாள். “தண்ணி போகமாட்டேங்குது, இன்னிக்குக் குளிக்காமப் போ” என்றாள். புருஷன் பல் விளக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தோள் வரைக்கும் கையை விட்டு, அந்தத் துணியை உருவி எடுத்தான்.

“யாருடா இது, எலி கொண்டுபோய்ப் படுக்கை போட்டிருக்கா?” என்று சிரித்தான். “போ சிட்டு, குளி. நேரமாச்சுல்ல.”

“மாமான்னா மாமாதான்” என்று சொல்லிவிட்டுத் தங்கை உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் துணி திணிக்கவில்லை. வியாழன், வெள்ளி, காலை ஏழு மணிக்குக் கதவு தாழிடும் சத்தம் கேட்கும். அவள் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருப்பாள். மூன்று மாதம் ஆனபிறகு இன்னும் மூன்று நாளில் புதிதாக என்ன போய்விடப்போகிறது என்று கணக்குச் சொல்லிக்கொள்வாள். அந்தக் கணக்கு வியாழனன்று தொண்டையில் சிக்கியது. வெள்ளியன்று சிக்கவில்லை. தங்கை ஈரத் தலையோடு வந்து உட்கார, அவள் தட்டில் பரிமாறினாள். புருஷனும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். மூன்று பேரும் பேசிச் சிரித்தார்கள்.

சனிக்கிழமைதான் அவன் வீட்டில் தனியாக இருக்கிற நாள். கார்டை எடுத்துப் பார்ப்பானோ என்று பயந்து, தலைவலி என்று சொல்லி லீவு போட்டுக் கூடத்திலேயே படுத்துக்கொண்டாள். அவன் தைலம் தேய்த்துவிட்டான். இதமாகத்தான் தேய்த்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. புருஷன் எங்கேயோ ஹீட்டர் மாட்டக் காலையிலேயே போய்விட்டான். தங்கைக்கு விடுமுறை. முந்தின நாள் மழையில் நனைந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. போர்வையை விட்டு எழவே இல்லை.

“எழுந்து குளி” என்றாள் அக்கா.

“சளிக்கா. இன்னிக்கு வேணாம். நாளைக்குக் குளிச்சுக்கறேன்.”

“நாளைக்கு” என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது. நாளைக்கு அவன் கார்டை எடுத்துவிட்டால்? நாளைக்குத் தன் மனசு மாறிவிட்டால்? தான் பொறுத்த ஐந்து நாளும் வீண் என்று ஆகிவிட்டால்? அவள் பொறுத்த ஐந்து நாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

“வெந்நீர்ல குளிச்சா சளி இறங்கும். சுவிட்ச் போட்டாச்சு. எழுந்திரு.”

“படுத்தறியேக்கா.”

போர்வையை உருவினாள். டவலை எடுத்துத் தங்கையின் தோளில் போட்டாள். முதுகில் கைவைத்து, குளியலறை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். தங்கை சிணுங்கிக்கொண்டே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

“தலைக்கும் ஊத்திக்கோ” என்று கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள். “அவசரப்படாத. நல்லா நின்னு ஊத்திக்கோ.”

“சரி சரி” என்றது உள்ளேயிருந்து குரல். பிறகு தும்மல். பிறகு தண்ணீர் விழும் சத்தம். அவள் கதவில் சாய்ந்து நின்று, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு நிமிடம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் காவல் நிலையத்தில் கார்டை மேசைமேல் வைத்தாள். பெண் இன்ஸ்பெக்டர் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் பார்த்துவிட்டு, தேதியைக் காட்டிக் கேட்டாள். “நேத்து வரைக்கும் ஓடியிருக்கு. நீங்க எப்போ பாத்தீங்க?”

“நேத்து மத்தியானம்” என்றாள். கார்டில் இருபத்தாறாம் தேதி தன் முகம் பதிவாகியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதை அழிக்க நேரமும் இருந்தது. ஆனால் அழித்தால் போலீஸின் தடயப் பரிசோதனைக்கூடத்தில் தெரிந்துவிடும் என்று பயம். அதோடு, இத்தனை பதிவுகளில் தன்னை யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள் என்றும் நினைத்தாள். புருஷனே பார்க்கவில்லை.

அவனை ஒரு டாக்டர் வீட்டுக் குளியலறையில், கையில் திருப்புளியோடு பிடித்தார்கள். ஸ்டேஷனில் அவளைப் பார்த்ததும் தலைகுனிவான் என்று எதிர்பார்த்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேனே” என்றான். ஏதோ குழாய் ஒழுகுவதைச் சொல்லாமல் விட்டதுபோல.

தங்கையிடம் அவளே சொன்னாள். தங்கை முதலில் சிரித்தாள். “மாமாவா? போக்கா” என்றாள். பிறகு புரிந்தது. கூடத்தின் நடுவில் அப்படியே உட்கார்ந்து, அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, குழந்தையில் அழுததுபோல வாய்திறந்து அழுதாள். “நீ இல்லேன்னா நான் என்னக்கா ஆகியிருப்பேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

புதிய சட்டத்தில் பதிவான முதல் வழக்கு அது. பத்திரிகைகள் பெயர் போடாமல் எழுதின. ஜாமீன் கிடைக்கவில்லை. சொந்தப் புருஷனையே பிடித்துக் கொடுத்த பெண் என்று அச்சகத்தில் அவளைச் சுற்றி நின்றார்கள். ரேடியோ எழுந்து நின்று வணக்கம் சொன்னார். “நம்ம கையால திருத்தின சட்டம், மேடம்” என்றார்.

ஐந்து மாதம் கழித்து விசாரணை நடந்தது. மூடிய நீதிமன்றம். நீதிபதி, இரண்டு தரப்பு வழக்கறிஞர்கள், எழுத்தர், போலீஸ் என்று எட்டுப் பேர். தங்கை முதலில் சாட்சி சொன்னாள். ஒவ்வொரு பதிவையும் காட்டி, “இது நீங்கதானா?” என்று கேட்க, ஒவ்வொன்றுக்கும் “ஆமா” என்றாள். அந்த எட்டுப் பேரும் அவளைப் பார்க்காமல் இருக்க முயன்று திரையைப் பார்த்தார்கள். முடிந்ததும், பாதிக்கப்பட்டவள் என்பதால் உட்கார்ந்து கேட்க அனுமதித்தார்கள். பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்து அக்கா கூண்டில் ஏறினாள்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒல்லியான மனிதர். குரல் மிகவும் மெதுவாக இருந்தது. “அம்மா, நீங்க எப்போ கண்டுபிடிச்சீங்க?”

“ஒண்ணாம் தேதி மத்தியானம்.”

“சரியா ஞாபகம் இருக்கா? நீங்க தேதி தப்பு விடறவங்க இல்லையே.”

“இருக்கு.”

அவர் எழுத்தரிடம் ஏதோ சொன்னார். திரையில் ஒரு பதிவு ஓடியது. மூலையில் இருபத்தாறாம் தேதி. துடைக்கிற துணி, பிறகு ஒரு கை, பிறகு அவள் முகம். நெருங்கி நெருங்கி வந்து, ஒரு கண் மட்டும் திரை முழுக்க நின்றது. திருகாணி கழலும் சத்தம் கேட்டது. அடுத்த பதிவு, அதே தேதி, இரண்டரை மணி நேரம் கழித்து. மறுபடியும் அதே முகம். அழுத கண். மூடி வந்து பொருந்தி, எல்லாம் ஒரு மிளகு அளவு வெளிச்சமாகச் சுருங்கியது.

“இது யாருன்னு சொல்ல முடியுமா?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்துக் கீழே பார்த்தாள்.

“பரவாயில்ல. இன்னொண்ணு மட்டும். ஒண்ணாம் தேதி. இதைப் பாக்கவேண்டாம், படத்தை மறைச்சிடுங்க. காதால கேட்டாப் போதும்.”

திரை கறுத்தது. தாழ்ப்பாள் விழும் ஓசை. அதன்மேல், கதவுக்கு அப்பாலிருந்து, தெளிவாக அவள் குரல். *தலைக்கும் ஊத்திக்கோ. அவசரப்படாத. நல்லா நின்னு ஊத்திக்கோ.*

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“புது சட்டத்தில என் கட்சிக்காரரை மாட்டறதுக்காக இந்தக் கடைசிப் பதிவை உண்டாக்கினது இந்த அம்மா” என்றார் வழக்கறிஞர். நீதிபதி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கேமராவை வைத்தவன் அவன், அதை எடுக்காமல் விட்டவனும் அவன், முதல் தேதி அவன் விருப்பத்தோடுதான் அது ஓடியது என்று எழுதினார். ஏழு வருடம். ஒரு நாள் குறைக்கவில்லை. அவள் நினைத்தது நடந்தது. ஆனால் தீர்ப்பின் கடைசிப் பத்தியில், பிரிவு ஐந்தின்கீழ் மனைவியின் நடத்தையையும் காவல்துறை விசாரிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தார். பாதிக்கப்பட்டவர் எழுதிக் கொடுத்தால்தான் அந்த வழக்கு எடுபடும்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தோடு அம்மா வீட்டுக்குப் போனாள். தங்கை அங்கேதான் இருந்தாள். அக்காவும் பின்னாலேயே ஓடினாள். அம்மா வாசற்படியிலேயே தலையில் அடித்துக்கொண்டு நின்றாள். “இருக்கிறதே ரெண்டு பேரு. ஒருத்தி கையெழுத்துல இன்னொருத்தி ஜெயிலுக்குப் போகணுமா? வேணாண்டி சின்னவளே.”

தங்கை மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். வேலை உடுப்பிலேயே இருந்தாள்.

“சிட்டு” என்றாள் அக்கா. “அவன் அன்னிக்கே வெளிய வந்திருப்பான். ஏழு வருஷம் வாங்கிக் கொடுத்தேன்டி உனக்கு.”

“நான் கேட்டேனா?”

“உனக்காகத்தான்…”

“ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. அந்தக் கார்டுல இருந்ததெல்லாம் பாத்தியா?”

“பாத்தேன்.”

“எத்தனை?”

“…எல்லாம்.”

“எதுக்கு எல்லாம்?”

அவளிடம் இருந்த ஒரே பதில், அதில் தன்னைத் தேடினேன் என்பதுதான். அதை அம்மாவின் முன்னால், இன்ஸ்பெக்டரின் முன்னால் எப்படிச் சொல்வது?

தங்கை குரலை உயர்த்தவில்லை. “அவன் திருட்டுத்தனமாப் பாத்தான். எனக்குத் தெரியாது, அதனால சிரிச்சுப் பேசினேன். நீ எல்லாத்தையும் பாத்துட்டு, அஞ்சு நாள் என் மூஞ்சியப் பாத்து சோறு போட்டே. சளின்னு சொன்னேன். நாளைக்குன்னு சொன்னேன். முதுகுல கைய வெச்சுத் தள்ளினே. ராத்திரி தூங்கினா அவன் வர்றதில்லக்கா. அந்தக் கைதான் வருது.”

“நான் உன்னை வளத்தவடி.”

“ஆமா. வளத்தது எதுக்குன்னுதான் தெரியல.”

இன்ஸ்பெக்டர் தாளை நகர்த்தினாள். தங்கை முழுவதும் ஒருமுறை படித்தாள். பேனாவை வாங்கி, ஊசி குத்துகிற அதே நிதானத்தோடு கையெழுத்துப் போட்டாள். தேதி போடவேண்டிய இடத்தில் தேதியும் போட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, “மதியம் ஷிப்ட்டும்மா” என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, வாசலில் நின்ற அக்காவைச் சுவரை ஒட்டிக் கடந்து போனாள்.

அச்சகம் அவளை இடைநீக்கம் செய்தது. ரேடியோ வந்து பார்ப்பார் என்று நினைத்தாள், வரவில்லை. நான்கு தெருவுப் பெண்களும் தத்தம் வீட்டு ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. இருந்தும் அவள் வீட்டுக் கதவில் யாரோ சாணியை அறைந்துவிட்டுப் போனார்கள். ஏழு வருடம் வாங்கியவனைப் பற்றித் தெருவில் பேச்சு ஒரு வாரத்தில் அடங்கியது. அவளைப் பற்றிய பேச்சு அடங்கவில்லை. ஆம்பளை அப்படித்தான், கூடப் பிறந்தவள் இப்படிச் செய்வாளா என்று குழாயடியில் கேட்டுக்கொண்டார்கள்.

அவள் வழக்கில் பதினெட்டு மாதம் தண்டனை. தீர்ப்பு படிக்கப்பட்டபோது அவள் ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்து கேட்டாள். எங்கும் பிழை இல்லை.

வேனில் ஏற்றும் முன் ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். படிக்கட்டின் கீழ் அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பையில் இரண்டு புடவையும் சோப்பும் கொண்டுவந்திருந்தாள். பெண் காவலர் பையைக் குடைந்து பார்த்துவிட்டு, புடவையையும் சோப்பையும் மட்டும் அவளிடம் கொடுத்தாள்.

“அவ வரலியா?”

“வேலை மாத்திக்கிட்டா. ஊரும் மாத்திக்கிட்டா. முந்தாநாள்தான் போய் விட்டுட்டு வந்தேன்.”

“எந்த ஊரும்மா?”

அம்மா அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். ஒதுக்கிய கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

“சொல்லும்மா. நான் போகமாட்டேன். லெட்டர்கூடப் போடமாட்டேன். ஊர்ப் பேரை மட்டும் சொல்லு.”

“உங்கிட்ட சொல்லமாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்.”

“நானும் உன் பொண்ணுதானேம்மா.”

அம்மா காலிப் பையை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். “இனிமே நான் உன்னைப் பாக்க வரமாட்டேன். வந்தா அவ எங்கிட்டயும் பேசமாட்டா. எனக்கு அவ வேணும்” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பேருந்து வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல் நடந்து போனாள்.